கீழ்நோக்கிய கிணறு

சவுரியம்மாளுக்கு இடுப்பில் வலது பக்கம்தான் வலி. குடம் உட்காருகிற பக்கம். இடது பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தாள். குடம் மாறியது, வலி மாறவில்லை. காலையில் பாயை விட்டு எழுந்திருக்க அவளுக்கு நாலு படி. முதலில் புரளுவாள், பிறகு முட்டி போடுவாள், பிறகு சுவரைப் பிடிப்பாள், கடைசியில் புருஷனுடைய அப்பனையும் ஆத்தாளையும் திட்டிக்கொண்டே நிமிருவாள். அந்தோணிசாமி படுத்தபடியே, "அவங்க செத்து இருவது வருசம் ஆவுது. அவங்கள ஏன்மே இழுக்குற" என்பான்.

"உன்னப் பெத்து உட்டுட்டுப் போனாங்களே, அதுக்கு."

அவனுக்கும் வலி உண்டு. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன். பதினோரு வருசம் மூட்டை ஏறி இறங்கியதில் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விட்டது. அந்தோணிக்குத் தோள் முடிகிற இடத்தில் காது ஆரம்பிக்கிறது என்று மண்டியில் கேலி பண்ணுவார்கள். ஆனால் அவன் கழுத்து வலிக்குச் சாயங்காலம் கள்ளுக்கடை இருந்தது. அவள் இடுப்பு வலிக்கு மறுநாள் காலையில் இன்னொரு குடம்தான் இருந்தது.

குடியிருந்தது சேரியில், ஒரு நிலக்காரர் இடத்தில். அவருக்குக் கோபம் வந்தால் கூரையைப் பிரிக்கச் சொல்லுவார். சந்தோஷம் வந்தால் கூலியில்லாமல் அறுப்புக்குக் கூப்பிடுவார். எது வந்தாலும் இவர்களுக்கு ஒன்றுதான். தண்ணீருக்கு ஏரிக்கரை ஊற்று. போவதற்கு அரை மைல், வருவதற்கு ஒரு மைல். வரும்போது குடம் நிறைந்திருக்கும், அதனால் தூரம் கூடிவிடும் என்று சவுரியம்மாள் சொல்லுவாள். அந்தக் குடத்தைத் தூக்கிப் பார்த்தவர்கள் யாரும் அவள் கணக்கைத் தப்பு என்று சொன்னதில்லை.

அதனால்தான் வீடு வாங்க வேண்டும் என்று ஆயிற்று. சொந்த வீடு, கௌரவம், பிள்ளைகளுக்கு ஒரு சொத்து என்றெல்லாம் அந்தோணிசாமி கள்ளுக்கடையில் பேசுவான். அவளுக்கு அதெல்லாம் இல்லை. தண்ணீர் பக்கத்தில் இருக்கிற இடம் எதுவோ, அது வீடு. கூரை அப்புறம்.

திண்டிவனம் ஒரு வாசல்படி. மேற்கே செஞ்சி மலை, அதற்கும் மேற்கே திருவண்ணாமலை. கோட்டை பார்க்க வருகிற வெள்ளைக்காரன், சாமி பார்க்க வருகிற பட்டணத்துக்காரன், எல்லோரும் இங்கேதான் ரயிலை விட்டு இறங்கிச் செஞ்சி ரோட்டில் வண்டி பிடித்தார்கள். திண்டிவனத்தைப் பார்க்கவென்று ஒருத்தனும் வந்ததில்லை. இறங்குவான், ஒண்ணுக்குப் போவான், மலைக்கு எத்தனை மைல் என்று கேட்பான், போய்விடுவான். வீட்டுக்குள் இருக்கிறவனுக்குச் சாமி தெரியும். வாசல்படியில் இருக்கிறவனுக்குச் செருப்புதான் தெரியும்.

அந்தச் செஞ்சி ரோட்டில் நாலு மாட்டுவண்டி வைத்து மலைக்கு ஆள் ஓட்டிக்கொண்டிருந்தவர் துரைக்கண்ணு கவுண்டர். பஸ் வந்தது. முதல் வருசம் பஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் வருசம் பஸ்ஸைத் திட்டினார். மூன்றாம் வருசம் மிச்சமிருந்த இரண்டு ஜோடி மாட்டை விற்றுவிட்டு, விழுப்புரம் ஜங்சனில் சோற்றுக்கடை போடுவது என்று முடிவு பண்ணினார். திருவண்ணாமலைக்குப் போகிற கூட்டம் அங்கேதான் ரயில் மாறுகிறது. "மலைக்குப் போறவன் வண்டிய மாத்துவான், வயித்த மாத்த முடியுமா" என்பது அவர் கண்டுபிடிப்பு.

அவருடைய வீடு ரோட்டின் கடைசியில் இருந்தது. பாதி வீடு, பாதி மாட்டுக்கொட்டகை. பக்கத்தில் தோல் மண்டி. மழைக்காலத்தில் ஈரத்தோல் நாற்றம் சோற்றில் உப்புப்போல ஏறும். ஆறு மாதம் விலை சொல்லிப் பார்த்தார். அவர் ஜாதியில் ஒருத்தரும் வரவில்லை. மற்ற ஜாதியிலும் வரவில்லை. நாற்றத்துக்கு ஜாதி இல்லாததால் விலை இறங்கி இறங்கி அந்தோணிசாமியிடம் வந்து நின்றது. நூற்றி எண்பது ரூபாய். சவுரியம்மாளின் கம்மல் உட்பட.

பறையன், அதுவும் கிறிஸ்து வேதக்காரன், ரோட்டில் வீடு வாங்குவதா என்று ரோட்டுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அந்தத் தோல் நாற்றத்தையே பொறுத்துக்கொண்டிருக்கிறோம், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. கடைசி வீடுதானே.

விலை பேசி முடிந்த அன்றைக்கே அந்தோணிசாமி கேட்டுவிட்டான். "தண்ணிக்கு எப்பிடிங்க ஆண்டே?" ஆண்டவரே என்பது சேரிக்காரன் வாயில் ஆண்டே.

துரைக்கண்ணு பல் குத்திக்கொண்டிருந்தார். "தண்ணிக்கு இன்னாடா. எல்லாம் பத்திரத்துல வரும்."

அவர் தன் வாழ்நாள் பூராவும் ரோட்டுக் கிணற்றில் இறைத்தவர். அவருக்குத் தண்ணீர் என்பது ஒரு கேள்வியே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார். அந்தோணிசாமி அதைக் காதில் வாங்கி, பத்திரமாக வைத்துக்கொண்டான்.

ரிஜிஸ்தர் ஆபீசு வாசலில் வேப்பமரத்தடியில் கிருஷ்ணசாமி என்று ஒருவர் பத்திரம் எழுதுவார். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். புரிய வேண்டும் என்று சட்டம் இல்லை. மூக்குப்பொடியை இழுத்துவிட்டு, ஒரே மூச்சில் படித்தார். "மேற்படி மனையும் மனையில் கட்டியுள்ள வீடும், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் உள்பட சகல சுதந்திரங்களும், சூரிய சந்திரர் உள்ளவரைக்கும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக் கொள்வீராகவும்."

இவ்வளவிலும் அந்தோணிசாமி காதில் விழுந்தது ஒரு சொல்தான்.

"சாமி, கெணறுன்னு ஒண்ணு படிச்சீங்களே."

"ஆமா. கீழ்நோக்கிய கிணறு."

"கெணறு கீழதானங்க நோக்கும்."

"அதைத்தான் எழுதியிருக்கு. விரலை நீட்டு."

நீட்டினான். மை தடவினார்கள். துரைக்கண்ணு அப்போது வேப்பமரத்தில் ஒரு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தோணிசாமி மோசம் போகிற ஆள் இல்லை. மண்டியில் ஒரு மூட்டைக்கு அரைப்படி குறைந்தால் தலைக்கு ஏறின உடனே சொல்லிவிடுவான். வீட்டின் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு எருக்குவியல் இருந்ததை அவன் பார்த்திருந்தான். கிணறு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் பத்திரத்தில் இருக்கிறது. அப்படியானால் எருவுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். மாடு விழுந்துவிடும் என்று பலகை போட்டு மூடி அதன்மேல் எருவைக் கொட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சவுரியம்மாளிடம் சொன்னான்.

"கண்ணால பாத்தியாய்யா?"

"காதால கேட்டேன். முத்திரை போட்ட காயிதத்துல இருக்குது. கெவர்மெண்டு பொய் எழுதுமா?"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு மண்ணெண்ணெய் எடுத்து இடுப்பில் தேய்த்துக்கொண்டு, "கவுறு எத்தினி முழம் வாங்கணும்" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் முகம் கல்யாணத்தன்று இருந்ததை விட நன்றாக இருந்தது என்று அந்தோணிசாமி பின்னால் சொல்லுவான்.

குடிபோன மூன்று நாளும் எரு வாரினார்கள். முதல் நாள் எரு வந்தது. இரண்டாம் நாளும் எரு வந்தது. மூன்றாம் நாள் மண் வந்தது. அந்தோணிசாமி மண்ணைக் குதிகாலால் தட்டிப் பார்த்தான். மண் மண்ணாகத்தான் சத்தம் போட்டது. நாலு மூலையிலும் தட்டினான். மேல்நோக்கிய மரம் என்று பார்த்தால் வேலியோரம் ஒரு ஆமணக்குச் செடி நின்றது. வாங்கி வைத்த எட்டு முழக் கயிறு சுவரில் தொங்கியது.

சவுரியம்மாள் எருக்கூடை மேல் உட்கார்ந்தாள். "எங்கய்யா கெணறு?"

பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கிருஷ்ணசாமியிடம் போனார்கள். அவர் சிரித்ததில் மூக்குப்பொடி கணக்குப் புத்தகம் மேல் சிந்தியது.

"அட பைத்தியக்காரா. அது வழக்கமா எழுதறது. இருந்தா உனக்கு, இல்லேன்னா இல்லை."

"இல்லாதத எதுக்குங்க எழுதுனீங்க?"

"பின்னாடி வந்துதுன்னா?"

"கெணறு பின்னாடி எப்பிடிங்க வரும்? கன்னுக்குட்டியா?"

சவுரியம்மாள் இடையில் புகுந்தாள். "சாமி, அதுல இன்னின்னா எழுதியிருக்குதுன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. எங்க காசுல எழுதினது."

அவருக்கும் அன்றைக்கு வேறு ஆள் வரவில்லை. ஒண்ணொண்ணாகச் சொன்னார். நிதி நிட்சேபம் என்றால் புதையல். ஜலம் என்றால் தண்ணீர். தரு என்றால் மரம்.

"பாஷாணம்?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த பாஷாணம் எலிக்கு வைப்பது.

"கல்லு. பாறை."

"வெசத்தையும் சேத்து வித்துட்டாரோன்னு பாத்தேன்," என்றாள். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் எழுந்தாள்.

ரோட்டுக் கிணறு அந்த வீட்டிலிருந்து அறுபது தப்படி. ஏரி ஊற்றைக் காட்டிலும் எவ்வளவோ பக்கம். ஆனால் அதில் சவுரியம்மாள் கயிறு விடக் கூடாது. குடத்தைக் கொண்டுபோய் மேடைக்குக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனசு வந்து இறைத்து, மேலேயிருந்து ஊற்றுவார்கள். பெரும்பாலும் ஊற்றுவது மூன்றாம் வீட்டுக் கெங்கம்மாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு ஒரு மருமகள் இருந்தாள், அவ்வளவுதான். அந்த மருமகளைப் பற்றி ரோட்டில் கேட்டுச் சலிக்காத காது ஒன்றும் மீதி இல்லை.

"குந்து சவுரி. நேத்து அவ இன்னா பண்ணா தெரியுமா," என்று ஆரம்பிப்பாள். குடம் காலியாக இருக்கும். மருமகள் கேப்பைக் கூழில் உப்பு அதிகம் போட்டது, தாய் வீட்டுக்குப் போய்க்கினு வந்துகினு இருப்பது, மகனை முந்தானையில் முடிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகுதான் கயிறு கீழே போகும். "சொல்றது நாயமா இல்லையா?" என்று கேட்பாள். நியாயம் என்று சொன்னால் குடம் நிறையும். ஒரு நாள் சவுரியம்மாள், "சின்னப் பொண்ணுதானம்மா" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு முக்கால் குடம்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த மருமகளை இவளும் சேர்ந்து திட்டினாள். பாவம், அந்தப் பெண்ணோடு இவள் ஒரு வார்த்தை பேசியது கூட இல்லை.

ஏரி ஊற்றில் இடுப்பு மட்டும் வலித்தது. இங்கே நின்று நின்று காலும், தலையாட்டித் தலையாட்டிக் கழுத்தும் சேர்ந்து வலித்தன. மூன்றரை வருசம் இப்படிப் போனது. யுத்தம் வந்தது. அரிசி விலை ஏறியது. பஸ்ஸுக்குப் பெட்ரோல் இல்லாமல் பின்பக்கம் ஒரு அடுப்பைக் கட்டிக் கரியைப் போட்டு ஓட்டினார்கள். மலைக்குப் போகிறவர்கள் செஞ்சி ரோட்டு மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நாற்பத்தி ஒன்றாம் வருசம் கார்த்திகை மாசம் ஒரு காலையில் சவுரியம்மாளால் நாலாவது படியில் நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்தபடி பாதியில் நின்றாள். அந்தோணிசாமியின் அப்பனைத் திட்டவில்லை. அவனுக்குப் பயமாகிவிட்டது.

"துரைக்கண்ணு பேரு கடைசியா எப்ப கேட்ட?" என்றாள் குனிந்தபடியே.

"விழுப்புரத்துல கடை நல்லாப் போவுதாம். இன்னாத்துக்கு?"

"அவரு நமக்கு ஒரு கெணறு தரணும்."

"சவுரி, அவரு ஆண்டே..."

"ஆண்ட வரைக்கும் போதும்."

நிமிர முடிந்ததும் பத்திரத்தை முந்தானையில் முடிந்தாள். காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். "கொடத்த எதுக்குமே தூக்கிக்கினு போற?" என்றான். "கடங்காரன் வூட்டுக்குப் போறப்ப வெறுங்கையோடயா போவாங்க?" என்றாள். அவன் மண்டிக்கு லீவு சொல்லாமல் பின்னாலேயே போனான்.

விழுப்புரம் ஜங்சன் வாசலில் அன்றைக்குத் தீபத்துக்குப் போகிற கூட்டம். துரைக்கண்ணுவின் கடையில் மூன்று வரிசை இலை போட்டிருந்தது. கவுண்டருக்குத் தொந்தி விழுந்திருந்தது. கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். சவுரியம்மாள் கடை வாசலில், சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தோணிசாமி இன்னும் நாலு அடி தள்ளி ஒரு ஜட்கா வண்டி மறைவில் நின்றான்.

"கவுண்டரே," என்றாள்.

அவள் வாயில் ஆண்டே வரவில்லை. துரைக்கண்ணு நிமிர்ந்து, யார் என்று தெரிய இரண்டு நொடி எடுத்துக்கொண்டார். "அட, அந்தோணி பொண்டாட்டியா. இன்னாம்மே இந்தப் பக்கம், தீவத்துக்கா? அங்கியே நில்லு, பசங்க கிட்ட சோறு குடுத்து அனுப்பறேன்."

"சோறு வேணாம். ஒரு சமாச்சாரம். நான் உள்ள வந்து சொல்லட்டுமா, நீங்க வெளிய வந்து கேக்கறீங்களா?"

முதல் வரிசையில் இரண்டு மூன்று கை இலையிலிருந்து வாய்க்குப் போகிற வழியில் நின்றது. யார், என்ன ஜாதி என்று பட்டணத்துக்காரர் ஒருத்தர் பக்கத்து ஆளிடம் கேட்டார். சவுரியம்மாள் சாக்கடைப் பலகை மேல் ஒரு காலை வைத்தாள். துரைக்கண்ணு அந்தத் தொந்தியோடு கல்லாவைத் தாண்டி வந்த வேகத்தை, வண்டி ஓட்டின காலத்தில் அவர் மாடுகள் கூடக் காட்டியதில்லை.

"இன்னாம்மே பேஜாரு. யாவாரம் நடக்குற நேரத்துல."

அவள் பத்திரத்தை எடுத்து நீட்டினாள். "கீழ்நோக்கிய கெணறு. குடுக்கல."

அவர் முதலில் புரியாமல் விழித்தார். புரிந்த பிறகு சிரிக்கப் பார்த்தார். "அது எல்லாப் பத்திரத்துலயும் எழுதறதும்மே. எங்கப்பன் அந்த வூட்ட வாங்கின பத்திரத்துலயும் இருக்குது. எங்கப்பனுக்கு எவன் கெணறு குடுத்தான்?"

"அப்ப உங்களுக்கும் ஒரு கெணறு வரணும். யாருகிட்ட வாங்கினாரு?"

"அவன் செத்து முப்பது வருசம் ஆவுது."

"அவன் புள்ளைங்க?"

"எனக்கு இன்னா தெரியும்."

"கேட்டு வாங்கியிருக்கணும். நீங்க வாங்காம உட்டது உங்க தப்பு. நான் உட மாட்டேன்."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு விக்கிரவாண்டிக்காரர் சத்தமாகச் சொன்னார். "யோவ், அப்படிப் பாத்தா எனக்குக் கோலியனூருல ஒருத்தன் ஒரு கெணறும் நாலு மரமும் தரணும்யா."

"எனக்குப் புதையலு தரணும்," என்றது பின்வரிசை.

கடையே சிரித்தது. சவுரியம்மாள் சிரிக்கவில்லை. சிரிக்காத ஒரு ஆள் நடுவில் நின்றால் சிரிப்பு எவ்வளவு நேரம்தான் நிற்கும். அது அடங்கியபோது விக்கிரவாண்டிக்காரர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்சம் யோசனையாக, "இருந்தாலும் கவுண்டரே, கைநாட்டு வாங்கிக்கினு எழுதிக் குடுத்தது எழுதிக் குடுத்ததுதான்" என்றார். தீபத்துக்கு விரதமிருந்து வந்த இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். புண்ணியத்துக்குப் போகிற வழியில் அடுத்தவன் செலவில் நியாயம் பேசுவது சுலபம்.

துரைக்கண்ணு இலைகளைப் பார்த்தார். ஒருத்தரும் சாப்பிடவில்லை. அடுத்த வரிசை வெளியே காத்துக்கொண்டிருந்தது.

"சரிம்மே. தை பொறந்து வர்றேன். வெட்டிக் குடுத்துடறேன். ஜல்தி கெளம்பு."

"சாட்சி?"

"இத்தினி பேரு கேட்டுக்கினு இருக்காங்களே."

"இவங்க எல்லாம் ரயிலு ஏறிடுவாங்க."

"அந்த அண்ணாமலையே சாட்சிம்மே."

"மலை கோர்ட்டுக்கு வராது," என்று சொல்லிக் குடத்தை அவர் காலடியில் வைத்தாள். "இத ரொப்புங்க."

"இது எதுக்கு?"

"வட்டி. மொதல அங்க வந்து குடுங்க."

அவரே அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றினார். வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. ரயிலில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். முண்டியம்பாக்கம் வருவதற்குள் கால்வாசி சிந்தியது. மீதியை எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரும் அவர் பேத்தியும் வாங்கிக் குடித்தார்கள். யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்கவில்லை. ரயிலில் தாகம் எடுத்தவனுக்கு ஊர் ஞாபகம் வருவதில்லை.

தை பிறந்தது. எல்லோரும் ஆச்சரியப்படும்படி துரைக்கண்ணு வந்தார். கடப்பாரை, மண்வெட்டி, கிணறு வெட்டுகிற இரண்டு ஆள். தீபத்தன்றைக்கு அந்தக் கடையில் சாப்பிட்டவர்கள் திரும்பும்போதும் இறங்கி, "கெணறு வெட்டியாச்சா கவுண்டரே" என்று கேட்டுவிட்டுப் போனதாகக் கேள்வி. சோற்றுக்கடைக்காரனுக்குப் பெயர் கெட்டால் குழம்பும் கெட்டுப்போகும்.

ரோடே வேலிமேல் வந்து நின்றது. கவுண்டர் எதற்குப் பறையனுக்குக் கிணறு வெட்ட வேண்டும்? பத்திரத்தில் புதையல் என்று எழுதியிருப்பது எப்படியோ வெளியே வந்துவிட்டது. செஞ்சி ராஜா ஓடும்போது இந்த வழியாகத்தான் ஓடினான் என்று ஒருத்தர் சொன்னார். ராஜா எங்கே எதைப் புதைத்தான் என்று மாட்டுக்கொட்டகை உட்பட இடம் காட்டினார். கெங்கம்மாள் வேலிக்கு மேல் எட்டி, "ஏன் சவுரி, எடுத்தா பாதி அவருக்கா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் அவரே எடுத்துக்கட்டும். தண்ணி எனக்கு."

முதல் நாள் செம்மண். இரண்டாம் நாள் சரளை. அந்தோணிசாமி மண்டி வேலையை விட்டுவிட்டுக் கூடை சுமந்தான். சவுரியம்மாள் இடுப்பில் துணியைச் சுற்றி இறுக்கிக்கொண்டு மண்ணை ஏந்திக் கொட்டினாள். துரைக்கண்ணுவுக்குப் பழைய வண்டிக்கார ரோசம் வந்து வேட்டியை வரிந்து கட்டிக் குழியில் இறங்கினார். மூன்றாம் நாள் மத்தியானம், ஒன்றரை ஆள் ஆழத்தில், கடப்பாரை ணங்கென்றது. கவுண்டர் கொஞ்சம் தள்ளிக் குத்தினார். ணங். இன்னும் தள்ளி. குழி பூராவும் ஒரே சத்தம்.

அந்தோணிசாமி குனிந்து பார்த்தான். கழுத்து இல்லாததால் உடம்பையே குனிய வேண்டியிருந்தது. "மலை அங்க செஞ்சியில தலையத் தூக்கிக்கினு குந்தியிருக்குது. கால நம்ம வூட்டுக்கு அடியில நீட்டிக்கினு கீது," என்றான்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பத்திரக்காரர் கிருஷ்ணசாமி, "பாஷாணம் வந்துடுத்து. எழுதினது வீண் போகலை" என்றார்.

"அத்தினி எழுதினீங்க சாமி," என்றாள் சவுரியம்மாள். "வேணாத ஒண்ணுதான் வந்திருக்குது."

வெடி வைக்க வேண்டும் என்றார்கள் கிணற்று ஆட்கள். மருந்துக்குப் பர்மிட்டு வேண்டும். பர்மிட்டு இருந்தாலும் மருந்து கிடையாது. மருந்தெல்லாம் ஜப்பான்காரனுக்கு என்றார்கள். துரைக்கண்ணு குழியிலிருந்து ஏறி, முகத்தைத் துடைத்து, ஒரு முழு நிமிஷம் மூச்சு வாங்கினார். பிறகு கையைத் தட்டி மண்ணை உதறினார்.

"ஆச்சு. வெட்டிக் குடுத்துட்டேன். கீழ்நோக்கித்தான இருக்குது?"

சவுரியம்மாள் குழிக்குள் பார்த்தாள். "இருக்குது. தண்ணி?"

"கெணறுதான எழுதியிருக்குது."

"ஜலம்னு தனியாப் போட்டிருக்குது. ஜலம்னா தண்ணி. சாமிதான் சொல்லிக் குடுத்தாரு."

கிருஷ்ணசாமி வேலியில் ஏதோ ஒரு பூச்சியைக் கவனித்தார். துரைக்கண்ணு அவரைப் பார்த்த பார்வையில் ஒரு கட்டு பத்திரம் எரிந்திருக்கும்.

கடைசியில் கவுண்டர் மடியை அவிழ்த்தார். இருபது ரூபாய் எடுத்து வைத்தார். "இத வெச்சிக்க. இதோட சரி. உன் கணக்கும் என் கணக்கும் தீந்துது."

அந்தோணிசாமி இருபது ரூபாயை ஒன்றாகப் பார்த்து நாலு வருசம் ஆயிற்று. கையை நீட்டிவிட்டான். யுத்த காலம், அரிசி விற்கிற விலை. இரண்டு மாதச் சோறு அது. அவள் அவன் கையைத் தட்டவில்லை. அவனைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"இத கொடத்துல போட்டா ரொம்புமாய்யா?"

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தலையைச் சொரிந்துகொண்டான். இரண்டு மாதச் சோறு திரும்பக் கவுண்டர் மடிக்குப் போனது. அன்றைக்கு ராத்திரி கூழ்தான். அதைப் பற்றி அவன் அவளிடம் பல வருசம் சொல்லிக் காட்டினான்.

"அப்ப இன்னாதான் வேணும்மே உனக்கு?" என்றார் துரைக்கண்ணு. அவர் குரலில் இப்போது கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"எழுதிக் குடுங்க. சண்ட முடிஞ்சதும் வெடி வெச்சி, தண்ணி வர்ற வரைக்கும் வெட்டித் தர்றேன்னு."

கடன் சீட்டு என்றால் தொகை போட வேண்டும், கிணறு என்று போட வழியில்லை என்றார் கிருஷ்ணசாமி. இல்லாத கிணற்றைப் போட வழியிருந்ததே என்று அவள் கேட்டாள். அவர் மூக்குப்பொடியை இழுத்துவிட்டு எழுதினார். துரைக்கண்ணுவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் சவுரியம்மாள் அவர் கட்டை விரலை நீட்டச் சொல்லி, அதில் தானே மை தடவினாள். ரோடு பூராவும் வேலிமேல் நின்று பார்த்தது. பறச்சி ஒருத்தி கவுண்டர் விரலைப் பிடித்ததைப் பற்றி ரோட்டுக்காரர்கள் ஒரு மாசம் பேசினார்கள். புதையல் இல்லை என்பதில் வந்த வருத்தம் அதில் பாதி ஆறிப்போனது.

குழியில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மாட்டுக்கு ஆகும், மனுஷனுக்கு ஆகாது. மற்ற மாதங்களில் தவளை கூட இருக்காது. நாற்பத்தி ஐந்தில் யுத்தம் முடிந்தது. அந்தோணிசாமி விழுப்புரம் போனான். மருந்து வரட்டும் என்றார் கவுண்டர். நாற்பத்தி ஆறில் போனான். அடுத்த தீபம் ஆகட்டும் என்றார். அவருக்கு இப்போது இரண்டு கடை. பெரிய கடையில் தண்ணீருக்குக் குழாய் போட்டிருக்கிறார். போகிற வருகிற எவனாவது கிணறு என்று கேட்டால், "தர்றேன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்கிறார், கொடுத்துவிட்டவர் மாதிரி.

கெங்கம்மாளுக்கு இரண்டாவது மருமகள் வந்துவிட்டாள். சவுரியம்மாள் மேடைக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டு அவளைப் பற்றியும் கேட்கிறாள். காலையில் எழுந்திருக்க இப்போது நாலு படி போதவில்லை.

துரைக்கண்ணு கவுண்டர், சவுரியம்மாளுக்குத் தண்ணீரோடு ஒரு கிணறு பாக்கி.